எந்தக் கடிகாரம்?

திறந்த மூல மென்பொருளின் வரலாறு பெரும்பாலும் நிரலாளர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1997இல் மிகுவெல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மெனாவும் க்னோம் மேசைத்தளத்தைத் தொடங்கியதை எல்லோரும் சொல்வார்கள். 2001இல் அதன் முன்னால் உட்கார்ந்து திணறிய 12 பேரைப் பற்றி அதிகம் பேச்சில்லை. எனக்கு அவர்கள்தான் முக்கியம்.

அந்தச் சோதனையை நடத்தியது சன் மைக்ரோசிஸ்டம்ஸ். தன் சோலாரிஸ் கணினிகளுக்கு க்னோமை எடுத்துக்கொள்ள முடிவு செய்திருந்த நிறுவனம் அது. க்னோம் 1.4ஐத் திறந்து வைத்து, அன்றாட வேலைகள் சிலவற்றைச் செய்யச் சொன்னார்கள். சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்தார்கள். அன்றைய க்னோமில் பலகத்தில் வைக்க ஒன்றல்ல, பல கடிகாரங்கள். ஒன்றின் பெயரே ‘இன்னொரு கடிகாரம்’! எழுதியவருக்கு அது சுதந்திரம். உட்கார்ந்தவருக்கோ, "ஏம்ப்பா, இதுல எதத்தான் வைக்கிறது?"

2002 ஜூனில் க்னோம் 2.0 வந்தபோது பல தேர்வுகள் நீக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விலை உண்டு என்று ஹேவக் பென்னிங்டன் வாதாடினார். எதிர்ப்பும் பலமாக இருந்தது. பயனர்களை முட்டாள்களாக நினைக்கிறார்கள் என்று 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸே சாடினார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அவர் அந்த 12 பேரில் ஒருவரல்ல.

ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே 85 சதவீதச் சிக்கல்கள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேகப் நீல்சன் 2000இல் எழுதினார். சரி, எந்த ஐந்து பேர்?

சென்னை சி-டாக் 2007இல் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அதுவும் இருந்தது. கம்மாபுரத்தில் பிளஸ் டூ படிக்கும் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். அவள் வாயில் இருப்பது ஃபைல், திரையில் இருப்பது கோப்பு. தமிழ்99 விசைப்பலகை 1999இலேயே அரசின் தரமாகிவிட்டது. ஆனால் விசைகளின் மேல் அச்சிட்டிருப்பதோ ஆங்கில எழுத்து. ‘அ’ எங்கே என்று அவள் தேடும் அந்த அரை நிமிடம்தான் வடிவமைப்பாளர் பார்த்திருக்க வேண்டிய காட்சி.

ஆய்வுக்கூடத்தில் தடுமாற்றம் குறிப்பேட்டில் ஏறும். வீட்டில் ஏறாது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினியில் ஒன்று புரியாவிட்டால் புகார் எழுதமாட்டார்கள். சத்தமில்லாமல் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அதைவிட மோசம், "எனக்கு கம்ப்யூட்டரே வராதுண்ணா" என்று தன்மேல் பழியைப் போட்டுக்கொள்வது. மூலநிரல் திறந்திருப்பதால் அவளுக்கு அப்போது ஒரு பயனும் இல்லை.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு பள்ளி வகுப்பறை, ஐந்து மாணவர்கள், ஒரு நோட்டு. கூடவே, "அங்க இல்லம்மா, இங்க அழுத்து" என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்த ஒரு நிரலாளர். கடைசியில் சொன்னவர் கிடைப்பதுதான் கஷ்டம்.