எந்தக் கோட்டுக்குள் எத்தனை சதுர அடி?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

மகளோடு போய் இருந்துவிடலாம் என்று எங்கள் அடுக்குமாடி வீட்டை விற்க நினைத்திருக்கிறோம். 2013இல் ஜி.பி.எஃப். பணத்தைப் போட்டு வாங்கியது. பத்திரத்தில் 1,050 சதுர அடி. பார்க்க வந்தவர், "கார்பெட் ஏரியா எவ்வளவு சார்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கணக்கு வாத்தியாருக்கு வெட்கமாகிவிட்டது.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர் இப்போது கட்டட வரைபடம் போடுகிறார். அவரிடம் போனேன். வீட்டின் வரைபடத்தைக் கணினியில் திறந்து, மூலை மூலையாகத் தொட்டு ஒரு கோட்டை வளைத்து, தொடங்கிய இடத்திலேயே மூடினார். உடனே பரப்பு வந்துவிட்டது. கோடு மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். மூலைகளின் ஆயங்களைக் குறுக்கே பெருக்கிக் கழித்துப் பாதியாக்குவதுதான் உள்ளே நடக்கும் கணக்கு. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருப்பதே!

1854இல் சுவிட்சர்லாந்தின் ஆம்ஸ்லர் செய்த பிளானிமீட்டர் என்ற கருவியும் இப்படித்தான். காகிதத்தில் எல்லைக் கோட்டின் மேல் முள்ளை ஒரு சுற்று ஓட்டினால், சக்கரம் பரப்பைக் காட்டும். 1963இல் ஐவன் சதர்லேண்ட், எம்.ஐ.டி.யில் ஒளிப்பேனாவால் கணினித் திரையிலேயே வரைந்து காட்டினார். 1982இல் ஆட்டோகேட் வந்தது. கருவி மாறியது. ஆனால் கோட்டை எங்கே போடுவது என்பதை எந்தக் கருவியும் சொல்வதில்லை.

இதில் நம்மவர்கள் தெளிவாக இருந்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் விட்ட ஊர்களின் கணக்கு அங்கே கல்வெட்டாகவே இருக்கிறது. முதலில் ஊரின் மொத்த நிலம். பிறகு ஊர்நத்தம், கோயில், குளம், ஊடே ஓடும் வாய்க்கால், சேரிகள், சுடுகாடு என்று வரி இல்லாதவற்றைப் பெயர் சொல்லிக் கழிக்கிறார்கள். மீதிக்குத்தான் வரி. அதுவும் முந்திரி, அதாவது 320இல் ஒரு பங்கு, அதற்கும் கீழே கீழ்முந்திரி வரை! எது சேரும், எது சேராது என்பதைக் கல்லில் வெட்டிவைத்துவிட்டார்கள்.

நாம் வீடு வாங்கியபோது அப்படி யாரும் எழுதித் தரவில்லை. 'சூப்பர் பில்ட்அப்' என்று ஓர் எண் சொன்னார்கள், கையெழுத்துப் போட்டோம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம்தான் கார்பெட் ஏரியாவுக்கு நாடு முழுக்க ஒரே வரையறை கொடுத்தது. வெளிச்சுவர், குழாய்கள் போகும் பொந்து, பால்கனி, தனி மொட்டைமாடி இவை சேராது. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர் சேரும். (உள்சுவர் சேர்வது பலருக்குத் தெரியாது. எனக்கும் அன்றுதான் தெரிந்தது.)

தம்பி மூன்று கோடுகள் போட்டார். வெளிச்சுவரையும் பால்கனியையும் சேர்த்து 860. பால்கனி மட்டும் 48. சட்டப்படியான கார்பெட் ஏரியா 745. அப்படியானால் பத்திரத்தில் இருக்கும் மிச்சம் 190? படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றில் எங்கள் பங்காம். "அதை எந்தக் கோட்டுக்குள்ளும் அடைக்க முடியாது சார், விகிதம் போட்டுச் சேர்த்திருக்காங்க" என்றார். அப்படிச் சேர்ப்பது அன்றைக்கு ஊர் வழக்கம்தான். ஆனால் எது எவ்வளவு என்று பிரித்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாமே?

வீட்டுக்கு வந்ததும், "1,050 என்றே சொல்லுங்களேன், எல்லோரும் அப்படித்தானே விற்கிறார்கள்?" என்றாள் இவள். நான் மூன்று கோடுகள் போட்ட வரைபடத்தை அச்செடுத்து, வாங்க வந்தவரிடம் கொடுத்தேன். 745க்குக் கீழே சிவப்பு மையில் கோடிட்டிருந்தேன், பழக்கதோஷம். வெகுநேரம் பார்த்தார். வீட்டில் கலந்து பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.