லெபனான்: போர் அரசுக்குள் குடியேறிய கதை

லெபனானில் 1975 ஏப்ரலில் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1990இல் ஓய்ந்தது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் மாண்டார்கள். காணாமல்போனோர் 17,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. குண்டுகளால் சிதைந்த பெய்ரூட்டின் நடுப்பகுதியைப் பிறகு புதிதாகக் கட்டிவிட்டார்கள். போர் விட்டுச்சென்ற ஆறாத கேடு அந்நாட்டின் அரசுக்குள் இருக்கிறது. அதற்கு வாசல் திறந்துவிட்டது 1991 ஆகஸ்டில் வந்த பொதுமன்னிப்புச் சட்டம். ஊர்மக்களைக் கொன்றதற்கும் கடத்தியதற்கும் வழக்கில்லை என்றாக்கிய அச்சட்டம், அரசியல் தலைவர்களையும் மதத் தலைவர்களையும் கொன்ற வழக்குகளுக்கு மன்னிப்பு மறுத்தது. யாருடைய உயிரை அரசு பெரிதாக மதித்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

போர் ஓய்ந்தபின் ஆயுதக் குழுத் தலைவர்கள் அமைச்சர்களானார்கள். 1983இல் மலைப்பகுதிச் சண்டையில் பெருந்தொகையான கிறிஸ்தவர்கள் ஊர்களை விட்டு விரட்டப்பட்டார்கள். அங்கே வென்ற துரூஸ் படையின் தலைவர் வாலித் ஜும்பிளாத்துக்கே இடம்பெயர்ந்தோர் அமைச்சகம் கிடைத்தது. சப்ரா, ஷதீலா அகதி முகாம்களில் 1982இல் படுகொலை செய்த ஆட்களின் தளபதியான எலி ஹொபைக்கா மின்சாரத்துறை அமைச்சரானார். இன்னோர் ஆயுதக் குழுவான அமல் இயக்கத்தின் தலைவர் நபி பெர்ரி 1992இல் நாடாளுமன்றத் தலைவரானவர். முப்பதாண்டுகள் கடந்தும் அவரே அந்தப் பதவியில் இருந்தார். போர்க்காலத்தில் ஒவ்வொரு குழுவும் தன் வட்டாரத்தில் வரி வசூலித்து, தன் மதப்பிரிவினருக்குப் படியளந்தது. அமைச்சகங்கள் கைக்கு வந்ததும் அதே வழக்கம் அரசுப் பணத்தில் தொடர்ந்தது. நாள் முழுதும் மின்சாரம் தரும் நிலையை அரசால் நிலைநிறுத்த முடியவில்லை. மக்கள் தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர்காரர்களுக்கு மாதக் கட்டணம் கட்டிப் பழகினார்கள்.

தண்டிப்போம் என்று சொல்லியிருந்தால் யார் ஆயுதத்தைக் கீழே வைத்திருப்பார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஹெஸ்புல்லாவைத் தவிரப் பெரும்பாலான குழுக்கள் ஆயுதங்களை ஒப்படைத்ததில் மன்னிப்பு வரும் என்ற எதிர்பார்ப்புக்கும் பங்கிருக்கலாம். ஆனால் தண்டனையை விட்டுக்கொடுக்கும் நாடு உண்மையையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்கா, செய்ததை முழுதாக வெளியிட்டவர்களுக்கே மன்னிப்பு என்று நிபந்தனை வைத்தது. லெபனான் எதையுமே கேட்கவில்லை. நோயின் வேர் அரசுப் பதவிகளின் மதவாரிப் பங்கீடு, அது 1943இலேயே வந்துவிட்டது என்பது இன்னொரு வாதம். அதுவும் சரியே. ஆனால் அந்தப் பங்கீட்டைப் படிப்படியாக ஒழிப்பதாக, போரை முடிக்க 1989இல் ஏற்பட்ட தாயிஃப் உடன்பாடு உறுதியளித்திருந்தது. நிறைவேற்ற வேண்டிய பொறுப்போ அதனால் பிழைப்பவர்களிடம் போய்ச் சேர்ந்தது. எல்லாருக்கும் பொதுவான வரலாற்றுப் பாடநூல் வேண்டும் என்றும் அதே உடன்பாடு சொன்னது. அது வரவில்லை; பள்ளி வரலாறு 1940களோடு நின்றுவிடுகிறது.

விசாரணைக்கு ஆட்படாதவர் என்று ஒரு கூட்டம் நிலைபெற்றுவிட்டால், அடுத்த தலைமுறையின் சாவுக்கும் யாரும் பதில் சொல்வதில்லை. 2020 ஆகஸ்ட் 4 அன்று, பெய்ரூட் துறைமுகத்தில் பல ஆண்டுகளாகக் கிடந்த அமோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்னாள் அமைச்சர்களை விசாரிக்க முனைந்த முதல் நீதிபதி நீக்கப்பட்டார். அடுத்து வந்தவரின் விசாரணை வழக்குமேல் வழக்கால் முடக்கப்பட்டது. போரில் காணாமல்போனோரின் குடும்பங்களுக்கும் பதில் கிடைக்கவில்லை; 1995இல் அரசு கொடுத்தது, காணாமல்போனவர்களை இறந்தவர்களாகப் பதிவுசெய்யும் வசதியை மட்டுமே. தேடுவதற்கான சட்டம் 2018இல்தான் வந்தது. அதற்குள் பிள்ளைகளைத் தேடிய தாய்மார் பலர் இறந்துபோயிருந்தார்கள்.