கூரையில்லாத ஹெரால்டு

"ரெஸ்டோர் பண்ணின பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், திறந்த மாடல்"னு ஒரு விற்பனை படத்தைக் காட்டி, வாங்கலாமான்னு கேட்டான் கூடலூர் நண்பன். கதவை எண்ணினேன். நாலு! சிரிச்சுட்டேன்.

டிரையம்ஃப் ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அங்கே எல்லாமே ரெண்டு கதவுதான். 1961-லிருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரிச்சாங்க. நாலு கதவு, நம்ம சென்னைக்காரங்க பின்னாடி சேர்த்தது.

இதுக்கு சேஸிஸ் தனி. கூரைகூட போல்ட்டுலதான் நிக்கும். அதனாலதான் அந்த சேஸிஸைச் சுருக்கி 1962-ல் ஸ்பிட்ஃபயர்ங்கிற நிஜ ஸ்போர்ட்ஸ் காரையே பண்ண முடிஞ்சது. வில்லங்கமும் அதுலதான். கூரையைக் கழட்டிட்டு யாரும் 'கன்வெர்ட்டிபிள்'னு விக்கலாம்.

2021 விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு விண்டேஜ் பதிவு உண்டு. ஆனா சேஸிஸ், பாடி, எஞ்சினைப் பெரிசா மாத்தியிருக்கக் கூடாது. கூரை போனா அந்த வாய்ப்பும் போச்சு.

"ஆர்.சி.யைப் பார்க்காம அட்வான்ஸ் குடுக்காதடா"ன்னேன். கூரையோட ஒண்ணு கிடைச்சா சொல்லு, குமுளி மலைப்பாதைக்குப் போவோம். சுமார் 25 அடி வட்டத்துல திரும்புற வண்டிக்கு கொண்டை ஊசி வளைவெல்லாம் ஜுஜுபி!