மேண்டில் வெளிச்சமும் மூன்றாம் கட்டமும்

விளாத்திகுளம் பக்கம் எங்கள் புதூரில் கோயில் கொடை, கல்யாணம், சடங்கு எதுவானாலும் அப்பா கடையில்தான் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு எடுப்பார்கள். பம்ப் அடிப்பது யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை. மேண்டில் கட்டுவது மட்டும் அப்பா. வலைத்துணிப் பையைச் சுருக்கிட்டுக் கட்டி, கோவில்பட்டித் தீக்குச்சியைக் காட்டுவார். துணி கருகி வெள்ளைச் சாம்பல் கூடு மிஞ்சும். வெளிச்சம் தருவது அந்தச் சாம்பல்தான். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். வில்லுப்பாட்டு நடுவில் உதிர்ந்தால், “ஏலே, லைட்டுக்காரன எங்கல?” என்று கூட்டம் கத்தும்.

அந்தச் சாம்பல் தோரியம் ஆக்சைடு, கொஞ்சம் சீரியம் சேர்ந்தது. ஆஸ்திரியாவின் ஆவுர் ஃபான் வெல்ஸ்பாக் 1891-ல் கண்ட கலவை. லேசான கதிரியக்கம் உண்டு. பின்னாளில் பல கம்பெனிகள் தோரியத்தை விட்டு வேறு பொருளுக்கு மாறின. அப்பா பழைய சாம்பலை வாயால் ஊதித் தள்ளுவார். யாருக்குத் தெரியும் அப்போது!

மேண்டில் தொழிலுக்குத் தோரியம் கிடைக்கும் மோனசைட் மணல் வேண்டும். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத் துப்புப் பிடித்து, ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். ஆலை எழுந்தது. முதல் உலகப் போர் வந்ததும் தொழில் ஜெர்மானியர் கையைவிட்டுப் போனது. பிறகு மின்விளக்கு பரவி, மேண்டில் சந்தையே படுத்துவிட்டது.

அணுகுண்டுக்குப் பிறகு அதே மணலுக்கு மறுபடி மவுசு. 1950-ல் இந்திய அருமணல் நிறுவனம் உருவானது. அணு விஞ்ஞானி ஹோமி பாபா 1954-ல் மூன்று கட்ட அணுமின் திட்டத்தை வைத்தார்: முதலில் இயற்கை யுரேனிய உலைகள், அவை எரித்து மிஞ்சிய எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் பிரித்து வேக ஈனுலைகள், கடைசியில் தோரியம். தோரியம் தானாகப் பற்றாது. நியூட்ரானை வாங்கி யுரேனியம்-233 ஆக மாறினால்தான் எரியும். அதனால் முந்தைய இரண்டு கட்டமும் அதற்கு விதை சேர்க்கும் வேலை. கரிசல்காட்டில் விதைக் கம்பை எடுத்து வைக்காமல் அடுத்த வருஷத்துக்கு உழுதவன் கிடையாது. பாபாவின் கணக்கும் அதுதான்.

கணக்கு சரி, காலம்தான் ஓடிவிட்டது. கல்பாக்கத்தில் சோதனை வேக உலை 1985-லேயே இயங்கியது. யுரேனியம்-233-ல் ஓடும் காமினி என்ற சிறு உலை 1996-ல் வந்தது. அதன் திறன் வெறும் 30 கிலோவாட். 500 மெகாவாட் ஈனுலையைக் கட்டத் தொடங்கியது 2004-ல். உலை மையத்தை நிரப்பத் தொடங்கியதோ 2024 மார்ச்சில். டீக்கடையில் சிலர் கூடங்குளம் அணு உலை நம்ம மணலில் ஓடுகிறது என்பார்கள். இல்லை. அங்கே போவது ரஷ்யாவிலிருந்து வரும் செறிவூட்டிய யுரேனியம்.

மணலை அள்ளுகிற சங்கதியும் லேசானதல்ல. எங்களுக்குப் பக்கத்து வைப்பாறு கரையில் தாது மணல் முறைகேட்டுப் புகார் கிளம்பி, 2013-ல் தனியார் மணல் எடுப்புக்கே அரசு தடை போட்டது. தோரிய எரிபொருளைத் திரும்பப் பயன்படுத்துவதிலும் ஒரு வில்லங்கம்: யுரேனியம்-233 உடன் 232-ம் கலந்து வரும். அதன் வழிவருபவை வீசும் காமா கதிர் கடுமையானது. தடித்த சுவருக்கு இந்தப் புறம் நின்று எந்திரக் கைகளால்தான் எரிபொருள் கோல் செய்ய வேண்டும்.

எரித்ததை மறுபடி எரிப்பது நல்ல யோசனைதான். யுரேனியம் குறைந்த நாட்டுக்கு வேறு வழியும் அதிகம் இல்லை. ஆனால் மறுசுழற்சி முடிந்த பிறகும் உயர்நிலைக் கதிரியக்கக் கழிவு மிஞ்சும். அதைக் கண்ணாடியாக உருக்கி வைக்கிறார்கள். நூற்றாண்டுகளுக்குப் போதிய தோரியம் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தக் கண்ணாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச வேண்டும். அதை நிரந்தரமாகப் புதைக்கும் ஆழ்நிலக் கிடங்கு இந்தியாவில் இன்னும் ஒன்றுகூட இயங்கவில்லை.