கழன்று விழுந்த பல்லுறை: தப்பு சிமெண்ட்மேலேயா, பல்மேலேயா?

முறுக்கைக் கடிக்கிறீர்கள். வாயில் ஏதோ கல் மாதிரி உருள்கிறது. எடுத்துப் பார்த்தால், போன வருடம் போட்ட பல்லுறை! "என்ன சிமெண்ட் போட்டு ஒட்டினாங்களோ?" என்றுதான் உடனே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் சிமெண்ட் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அது எந்தப் பரப்பில் ஒட்டியது, ஒட்டுமுன் அந்தப் பரப்பை எப்படித் தயார் செய்தார்கள் என்பதும் முக்கியம். சொத்தையால் பலவீனமான பல் என்றால் இன்னும் முக்கியம்.

பல்லில் அமிலம் பூசுவார்களா?

ஆமாம், பயப்பட வேண்டாம். பல்லின் மேல் அடுக்கான எனாமல், எடையில் சுமார் 96 விழுக்காடு தாதுப்பொருள். ரொம்ப வழவழப்பு. பசை பிடித்துக்கொள்ள இடமே இல்லை.

உலோகத்தில் சாயம் நன்றாக ஒட்டுவதற்குத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலத்தைப் பயன்படுத்துவார்கள். அதைப் பல்லில் முயன்று பார்த்தார் அமெரிக்காவின் மைக்கல் பூனாகோர். 1955இல் அந்த ஆய்வு வெளிவந்தது. இன்று பெரும்பாலும் 37 விழுக்காட்டு அமில ஜெல்லைச் சில விநாடிகள் பூசிக் கழுவுகிறார்கள். காய்ந்ததும் அந்த இடம் சுண்ணாம்பு போல வெளுத்துத் தெரியும். அங்கே உருவான நுண்துளைகளுக்குள் ரெசின் இறங்கி இறுகிவிடும்.

சொத்தைப் பல்லில் என்ன சிக்கல்?

எனாமலுக்குக் கீழே இருப்பது டென்டின். அதில் தாதுப்பொருள் சுமார் 70 விழுக்காடுதான். மீதி கொலாஜன் என்ற நார்ப்புரதமும் தண்ணீரும். இங்கே அமிலம் 15 விநாடிக்கு மேல் இருந்தால் ஆபத்து. தாதுப்பொருள் ஆழமாகக் கரைந்துவிடும், ரெசின் அவ்வளவு தூரம் இறங்காது. கழுவிய பிறகு அளவுக்கு மீறி உலர்த்தினாலும் வம்புதான். நார்கள் ஈரத் துணி காய்ந்து சுருங்குவதுபோல் படுத்துவிடும். ரெசின் உள்ளே போக வழி இருக்காது.

சொத்தை பாதித்த டென்டின் இன்னும் மென்மையானது, ஈரமும் அதிகம். ஒரே சிமெண்டைப் போட்டாலும் அங்கே பிடிமானம் குறைவு. அதனால் பல் மருத்துவர்கள் ஓரங்களைச் சுற்றி நல்ல பல் தெரியும்வரை சுத்தம் செய்கிறார்கள். நரம்புக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மென்மையான பகுதியை விட்டுவைப்பதும் உண்டு. பாதி வேலையில் நிறுத்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஓரம் உறுதியாக ஒட்டினால் உள்ளே கிருமிக்குச் சாப்பாடு போகாது.

வேர் சிகிச்சை செய்த பல்லில் இன்னொரு தொல்லை. கிருமியைக் கொல்ல ஊற்றும் சோடியம் ஹைப்போகுளோரைட், டென்டினில் ரெசின் சரியாக இறுகுவதைக் கெடுக்கலாம். பல்லை வெண்மையாக்கும் சிகிச்சைக்குப் பிறகும் இதே கதைதான். பல்லுக்குள் தங்கும் ஆக்சிஜன் ரெசினை இறுகவிடாது. அதனால்தான் வெண்மையாக்கிய பிறகு ஒன்றிரண்டு வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

எல்லாவற்றையும்விடச் சாதாரண எதிரி எச்சில். தயார் செய்த பரப்பில் அது பட்டால் மறுபடியும் சுத்தம் செய்ய வேண்டும். வாயில் ரப்பர் விரிப்பு மாட்டுவது உங்களைப் படுத்துவதற்கு அல்ல! ஈரத்தைத் தவிர்க்கவே முடியாத இடங்களிலும் சிறு பிள்ளைகளின் பற்களிலும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட் கைகொடுக்கும். பல்லில் உள்ள கால்சியத்தோடு அது வேதியியல் முறையில் ஒட்டுகிறது. முன்னதாக லேசான பாலிஅக்ரிலிக் அமிலத்தால் துடைத்தால் போதும்.

உறையின் உட்பக்கம்?

அதையும் தயார் செய்ய வேண்டும். கண்ணாடிப் பீங்கான் உறை என்றால் ஹைட்ரோபுளோரிக் அமிலம், பிறகு சிலேன். சிர்கோனியாவில் அந்த அமிலம் எடுபடாது. அலுமினாத் துகளை வீசிச் சொரசொரப்பாக்கி, சிர்கோனியாவுக்கான பிரைமர் பூசுவார்கள்.

கழன்றுவிட்டால் நீங்கள் என்ன செய்யலாம்?

சூப்பர் குளூ மட்டும் வேண்டவே வேண்டாம். அது காய்ந்து படிந்தால் சுரண்டி எடுக்க வேண்டும். அதில் பல்லும் தேயலாம், உறையும் கெடலாம். உறையைக் கழுவி ஒரு சிறு டப்பாவில் போட்டு, சீக்கிரமே பல் மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். திறந்து கிடக்கும் பல்லில் கடினமானதைக் கடிக்காதீர்கள். அண்மையில் பல்லை வெண்மையாக்கியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. மூன்றாவது மாதமே திரும்பப் போய் உட்கார்ந்தேன்.