திறன்சார் பணி அட்டவணையாக்கம்

திறன்சார் பணி அட்டவணையாக்கம் என்பது, வெவ்வேறு திறன்கள் கொண்ட பணியாளர்களை ஒரு திட்டத்தின் வேலைகளுக்குப் பகிர்ந்தளித்து, அத்திட்டம் முடியும் காலத்தை இயன்றவரை குறைக்கும் முறையாகும். 1950களின் இறுதியில் உருவான தீர்வுக்கு உகந்த பாதை முறை, ஒன்றையொன்று சார்ந்த வேலைகளின் மிக நீண்ட தொடரைக் கொண்டு திட்டக் காலத்தைக் கணித்தாலும், ஆள்வளத்துக்கு வரம்பில்லை எனக் கொள்வதால் திறனாளர் பற்றாக்குறையைக் காட்டுவதில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரிலுள்ள மிகை ஃபுளோரைடுக்குத் தீர்வாக, ஜப்பானியக் கடனுதவியுடன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் நிறைவேற்றி, 2013இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போன்றவற்றில், குழாய் பற்றவைப்பு, மின்பணி, நீரேற்றுப் பொறி நிறுவுதல் ஆகியவை தனித்தனித் திறன்களைக் கோருகின்றன. ஆகவே, ஒரே திறன் ஒரே நேரத்தில் பல இடங்களில் தேவைப்படாதவாறு வேலைகளை வரிசைப்படுத்துவதும், சிலருக்கு இரண்டாம் திறனில் பயிற்சியளிப்பதும் தாமதத்தைக் குறைக்கும்.