ஆழமில்லாக் கடலின் சிறு கப்பல்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடற்பயண வரலாறு பெரும்பாலும் சிறு கப்பல்களின் வரலாறு. கடலின் ஆழம் அதற்கு முதற் காரணம். குடாநாட்டுக்கும் தமிழ்நாட்டுக் கரைக்கும் நடுவே கிடக்கும் பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 13 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. அதன் தெற்கு எல்லையான இராமர் அணையில் பல இடங்களில் 1 முதல் 3 மீற்றர் தண்ணீரே நிற்கும். யாழ்ப்பாண நகரை ஒட்டிய பரவைக்கடலில் கூடிய ஆழமே ஏறத்தாழ 4 மீற்றர்தான். ஐரோப்பாவிலிருந்து கீழைத்தேசம் போன பெருங் கப்பல்கள் இதனால் இலங்கையின் தெற்கைச் சுற்றிக் காலியையும் கொழும்பையும் தொட்டுச் சென்றன. வடக்கே வரமுடிந்தவை தோணிகளும் பாய்க்கப்பல்களும் சிறு நீராவிக் கப்பல்களுமே.

இரண்டாவது காரணம் காற்று. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று வடகரையை நேரே தாக்கும். அக்காலத்தில் காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை ஆகிய திறந்த துறைகளில் கப்பல் நிற்பது ஆபத்து. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். இரண்டுக்கும் இடைப்பட்ட மாசி, பங்குனி மாதங்களில் கடல் அடங்கிக் கிடக்கும். யாழ்ப்பாணத்தில் கடற்பயணம் போக நினைத்தவர் எந்தக் கப்பல் என்று கேட்கும் முன் எந்த மாதம் என்று கேட்கவேண்டியிருந்தது.

தீவுகளின் மறைவில் அமைந்த ஊர்காவற்றுறை இவ்விரு இடர்களுக்கும் இயற்கை தந்த புகலிடம். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று நயினாதீவில் இருக்கிறது. பிறநாட்டவர் வந்திறங்க வேண்டிய துறை ஊர்காவற்றுறையே என்று அது குறிக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி என்று அது விதிக்கிறது. கப்பல் உடைவது அரசாணை வகுக்கவேண்டிய அளவுக்கு வழக்கமான நிகழ்ச்சியாக இருந்ததை இவ்விதி காட்டுகிறது. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயரும் 1658இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் இந்தத் துறையையே காவல் செய்தனர். நீரின் நடுவே நிற்கும் ஹமன்ஹீல் கோட்டை அதன் சாட்சி. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவு வழியே கொண்டுவரப்பட்டு ஊர்காவற்றுறையில் கப்பலேறின.

19ஆம் நூற்றாண்டில் மக்கள் பயணத்துக்கு முதன்மையாக இருந்தவை வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறைப் பகுதிகளின் பாய்க்கப்பல்கள். இவற்றைத் தனியே பயணிக் கப்பல் என்று சொல்வதற்கில்லை. பனைமரமும் புகையிலையும் ஏற்றிப்போய், நெல்லும் ஓடும் துணியும் ஏற்றிவந்த சரக்குக் கப்பல்களில் ஆட்களும் போனார்கள். வடகரையிலிருந்து கோடியக்கரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரம். காற்று ஒத்துழைத்தால் ஓரிரவுப் பயணம். வேதாரணியத்துக்கும் நாகபட்டினத்துக்கும் போன வியாபாரிகளும், சிதம்பரத்தில் ஆனி உத்தரமும் மார்கழித் திருவாதிரையும் காணப்போன அடியார்களும் சரக்கு மூட்டைகளுக்கு இடையே இடம்பிடித்துப் பயணம் செய்தனர். ஆறுமுக நாவலர் 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய காலத்தில் இரு கரைகளையும் இணைத்தது இந்தக் கடல்வழிதான். அறை, வகுப்பு, உணவுச்சாலை எதுவும் இக்கப்பல்களில் இல்லை. பயணி நம்பியது கப்பலோட்டும் தண்டையலின் கைத்தேர்ச்சியை. எந்தத் தண்டையலின் கப்பல் என்று விசாரித்து ஏறுவதே அன்றைய தேர்வு.

அந்தக் கைத்தேர்ச்சியின் உயரத்தை ஒரு கப்பல் உலகுக்குக் காட்டியது. வல்வெட்டித்துறை மேத்திரிமார் வேப்பமரம் கொண்டு கட்டி 1930இல் கடலில் இறக்கிய இருபாய்மரக் கப்பல் ‘அன்னபூரணி அம்மாள்’. நீளம் 89 அடி, அகலம் 19 அடி. சிறு பாய்க்கப்பலில் உலகைச் சுற்றி வந்திருந்த அமெரிக்கர் வில்லியம் அல்பேட் றொபின்சன் அதை விலைக்கு வாங்கி, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயர் மாற்றினார். 1937இல் புறப்பட்ட அக்கப்பல் சூயெஸ் கால்வாய், ஜிப்ரோல்ட்டர், பெர்மியூடா வழியாக அத்திலாந்திக்கைக் கடந்து 1938 ஆகஸ்ட் 1இல் மசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. கனகரத்தினம் தம்பிப்பிள்ளை தண்டையலாக, வல்வெட்டித்துறை மாலுமிகள் அதில் சென்றனர். ஊரில் கட்டிய ஒரு கப்பல் பெருங்கடலைத் தாண்டிய அந்தப் பயணத்தை வல்வெட்டித்துறை இன்றும் தன் முதற்பெருமையாகப் போற்றுகிறது.

வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல்கள் ஆட்களை ஏற்றிய அதே 19ஆம் நூற்றாண்டில்தான் பொழுதுபோக்குக்காகக் கப்பலேறும் வழக்கமும் உலகில் உருவானது. பி அன்ட் ஓ கம்பனிக்காக 1858இல் கட்டப்பட்ட ‘சிலோன்’ என்ற கப்பல் 1881இல் கைமாறி, உல்லாசப் பயணத்துக்கென மாற்றப்பட்டு, சுற்றுலாப் பயணிகளுடன் உலகைச் சுற்றியது. 1900இல் ஜேர்மனியில் நீரில் இறக்கப்பட்ட ‘பிரின்செசின் விக்டோரியா லூயிஸ்’ இந்தத் தேவைக்கென்றே கட்டிய முதற் கப்பல். 120 அறைகள், எல்லாம் முதல் வகுப்பு. மூட்டையும் முடிச்சுமாகக் குடிபெயர்வோருக்கு அதில் இடமில்லை. குறைந்த ஆட்கள், அமைதி, வயதுவந்தோரின் சாவகாசம் என்ற எண்ணத்துடன்தான் உல்லாசக் கப்பல் தொழில் தொடங்கியது.

இலங்கையில் அதற்கு மிக நெருங்கி வந்தவை தீவைச் சுற்றிய சிறு நீராவிக் கப்பல்கள். இலங்கை நீராவிக்கப்பற் கம்பனியின் ‘லேடி கோர்டன்’, ‘லேடி ஹவ்லொக்’ ஆகிய கப்பல்கள், தேசாதிபதிகளின் மனைவியர் பெயர் தாங்கி, 1890களில் தபாலும் சரக்கும் பயணிகளும் ஏற்றிக் கொழும்பிலிருந்து காலி, மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று கரையோரமாகச் சென்றன. பாம்பன் கால்வாயூடாகச் செல்லக்கூடிய அளவிலேயே அவை இருந்தன. யாழ்ப்பாணம் வந்த பயணி ஊர்காவற்றுறையில் வத்தைக்கோ தோணிக்கோ மாறிப் பரவைக்கடலைக் கடந்தே நகரை அடைந்தார். வன்னிக் காட்டுப்பாதையில் மாட்டுவண்டியில் நாட்கணக்காகக் காய்ச்சலுக்கு அஞ்சிப் போவதைவிட இது பெரும் ஆறுதல். உத்தியோகத்தர், மிசனரிமார், தோட்டத்துரைமார் அறைகளில் தங்கினர். வியாபாரிகளும் கூலியாட்களும் மேற்தளத்தில் பாய் விரித்தனர். தீவைச் சுற்றிப்பார்க்க விரும்பிய ஐரோப்பியருக்கு அக்காலப் பயணக் கைந்நூல்கள் இந்தக் கப்பல்களை எடுத்துச்சொல்லின.

1902இல் காங்கேசன்துறைப் புகையிரதப் பாதையின் வடபகுதி திறக்கப்பட்டது. 1905இல் அது கொழும்புடன் இணைந்தது. ஒரு பகலிலோ இரவிலோ கொழும்பு போய்ச்சேரும் வசதி வந்ததும், யாழ்ப்பாணத்தவர் கரையோரக் கப்பலைத் தேடும் தேவை குறைந்தது. 1914இல் தலைமன்னார் – தனுஷ்கோடி கப்பற்சேவை தொடங்கியது. இலங்கையில் மதவாச்சி – தலைமன்னார் பாதையும், இந்தியாவில் பாம்பன் பாலமும் அதற்காகவே அமைந்தன. சென்னையிலிருந்து வரும் போட் மெயில் புகையிரதம், கடலில் ஏறத்தாழ 35 கிலோமீற்றர், மறுகரையில் காத்திருக்கும் புகையிரதம் என்று ஒரே பயணச்சீட்டில் பயணம் முடிந்தது. யாழ்ப்பாணத்தவர் தெற்கே மதவாச்சி வரை போய் வண்டி மாறி மறுபடி வடமேற்கே திரும்பவேண்டும் என்பது மட்டுமே அதன் குறை.

1914க்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தியா போக நினைத்த யாழ்ப்பாணத்தவருக்கு உண்மையான தெரிவு இருந்தது. விரைவும் நேர ஒழுங்கும் வேண்டியவர் தலைமன்னார்க் கப்பலை நாடினார். சுற்றிப்போக விரும்பாத வடமராட்சி வியாபாரி பாய்க்கப்பலேறி நேரே நாகபட்டினம் இறங்கினார். மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப்போனவர்களுக்குப் பெருங் கப்பல்களும் இருந்தன. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ சென்னை, நாகபட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. அறைச்சீட்டு எடுத்த சிலருக்கும் தளத்தில் நெருங்கிக் கிடந்த ஆயிரக்கணக்கானோருக்கும் அது ஒரே கப்பலல்ல. அமைதியான பயணம் அன்று சீட்டின் விலையால் தீர்மானிக்கப்பட்டது.

சுதந்திரத்தை ஒட்டி இந்தத் தெரிவுகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. கப்பலுக்குப் போட்டியாக 1947 டிசம்பரில் எயார் சிலோன் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு விமானம் ஓட்டத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டத்துக்குப் பின் கடவுச்சீட்டும் வீசாவும் இல்லாமல் பாய்க்கப்பலேறுவது குற்றமாயிற்று. தலைமுறைகளாகக் கோயிலுக்குப் போய்வந்த கடல் ஓர் எல்லைக்கோடாக மாறியது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் புகையிரதம் கடலில் மூழ்கியது. அதன்பின் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ‘இராமானுஜம்’ கப்பல் ஓடியது. 1980களின் முற்பகுதியில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அதுவும் நின்றது.

போர்க்காலத்தில் கடற்பயணம் விருப்பத்தின் பொருளாக இல்லை. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து வந்த ‘குமுதினி’ படகில் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990இல் புகையிரதம் நின்று, ஆனையிறவுப் பாதையும் மூடப்பட்ட பின், கிளாலிக் கடலேரியைச் சிறு வள்ளங்களில் இரவில் கடப்பதே பல்லாயிரம் பேருக்கு ஒரே வழியாயிற்று. அந்தக் கடப்பிலும் உயிர்கள் போயின. 1995க்குப் பின் ‘சிட்டி ஒஃப் டிரிங்கோ’ போன்ற கப்பல்கள் காங்கேசன்துறையையும் திருகோணமலையையும் இணைத்தன. 2006 ஆகஸ்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மறுபடி மூடப்பட்டபோது ‘கிரீன் ஓசன்’ ஓடியது. அனுமதி கிடைத்தவர் ஏறினார், கிடைக்காதவர் காத்திருந்தார். கப்பலுக்கு அனுமதி கேட்டு வரிசையில் நின்ற நாட்கள் யாழ்ப்பாணத்தின் ஒரு தலைமுறைக்கு மறக்க முடியாதவை.

போருக்குப் பின் தொடங்கிய முயற்சிகள் பழைய பாடத்தையே மறுபடி நிறுவின. 2011 ஜூனில் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தொடங்கிய ‘ஸ்கொட்டியா பிரின்ஸ்’ ஆயிரம் பேரளவில் ஏற்றக்கூடிய பெரிய கப்பல். போதிய பயணிகள் இன்றி அதே ஆண்டு நவம்பரில் அது நின்றது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்தது. 1990இல் கட்டப்பட்ட அக்கப்பலின் நீளம் 211 மீற்றர். 1,500க்கும் மேற்பட்டோர் தங்கலாம். ஆடல், பாடல், நீச்சற்குளம், குழந்தைகளுக்கான விளையாட்டிடம் என்று குடும்பங்களை நோக்கி அமைந்த பெருங்கப்பல் அது. காங்கேசன்துறை அதன் ஒருநாள் தரிப்பிடம் மட்டுமே.

அதே ஆண்டு அக்டோபர் 14இல் நாகபட்டினம் – காங்கேசன்துறைச் சேவை ‘செரியபாணி’ என்ற விரைவுக் கப்பலுடன் தொடங்கியது. 60 கடல் மைல் தூரம், 150 ஆசனங்கள், ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். வாடைக்காலத்தின் வாசலில் தொடங்கியதால் சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16இல் ‘சிவகங்கை’ அந்த வழியை மறுபடி திறந்தது. அதில் 123 சாதாரண ஆசனங்கள், 27 உயர்வகுப்பு ஆசனங்கள். மழைக்காலம் வந்ததும் அதுவும் நின்று, 2025 பெப்ரவரியில், கடல் அடங்கும் மாசியில், மீண்டும் ஓடத் தொடங்கியது.

உல்லாசப் பயணத்தில் அமைதியும் சிறு கப்பலும் தேடுவோருக்கு உலகில் இன்று தனி நிறுவனங்களே இருக்கின்றன. வைக்கிங் நிறுவனம் 18 வயதுக்குக் குறைந்தோரை ஏற்றுவதில்லை. பிரித்தானியாவின் சாகா நிறுவனம் 50 வயதைக் கடந்தவர்களுக்காக ஓடுகிறது. விரிவுரையாளர்களுடன் பழைய நாகரிகங்களைக் காணச்சென்ற சுவான் ஹெலனிக் பயணங்கள் 1950களில் தொடங்கின. இத்தகைய கப்பல்களைத் தெரிவுசெய்யும்போது கேட்கப்படும் கேள்விகள் நான்கு: எத்தனை பேர், எந்த வயதினர், எந்தச் சிறு துறைக்குள் நுழையும், எந்தப் பருவத்தில் போகும். இவற்றுள் கடைசி இரண்டையும் யாழ்ப்பாணத்தவர் பல நூறாண்டுகளாகக் கேட்டுவந்தனர்.

குடாநாட்டுக் கடலில் அத்தகைய பயணத்துக்கு உரிய இடங்கள் குறைவில்லை. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவின் நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் சிறு நேரப் பயணம். நெடுந்தீவில் பழைய கோட்டையின் எச்சமும் பவளக்கல் மதில்களும் கட்டைக் குதிரைகளும் உள்ளன. குமுதினியோடு 2017 முதல் ‘நெடுந்தாரகை’யும் இத்தீவுக்கென வந்துசேர்ந்தது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ‘பாதை’ எனப்படும் மிதவைப்படகு இன்னும் ஓடுகிறது. ஆண்டுதோறும் மாசி, பங்குனியில் கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு இரு நாட்டுப் படகுகளும் கடவுச்சீட்டின்றிச் சேர்வது பழைய கடல்வழக்கத்தில் எஞ்சிய பகுதி.

காங்கேசன்துறைத் துறைமுகத்தைப் புதுப்பிக்க 2024இல் இந்தியா 6 கோடி 15 இலட்சம் அமெரிக்க டொலர் நன்கொடை அளிக்க ஒப்புக்கொண்டது. ஆனால் துறைமுகத்தை எவ்வளவு ஆழமாக்கினாலும் தீவுகளைச் சூழ்ந்த கடல் ஆழமில்லாததாகவே இருக்கும். அதிகம் பேரை ஏற்றாத, அடிப்பகுதி ஆழமாக அமிழாத, மாசி முதல் சித்திரை வரை ஓடி வாடையில் ஒதுங்கி நிற்கும் கப்பலே இக்கடலுக்கு ஏற்றது. ஊர்காவற்றுறையின் பழைய துறையும் வல்வெட்டித்துறையின் தண்டையல்மாரும் கடைப்பிடித்த அளவும் அதுவே. அதை மீறிய பெருங் கப்பல்கள் வந்துபோயின; அந்த அளவுக்குள் நின்ற சேவைகளே இக்கரையில் நிலைத்தன.